எழுத ஒன்றும் இல்லை என்கிற பிள்ளைக்கு

வணக்கம் ஐயா,

ஜனவரியில் எங்கள் இரண்டு பிள்ளைகளோடு (9 வயது, 6 வயது) ஒரு இயற்கைக் குறிப்பேடு தொடங்கினோம். இணையத்தில் கிடைத்த ஒரு மாதிரியைப் பார்த்து வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்காகப் பிரித்தோம். இரண்டு மாதம் நன்றாகப் போனது. இப்போது பெரியவன், "எழுத ஒண்ணுமே இல்லம்மா, எழுதினாலும் யாருக்குப் பயன்?" என்கிறான். மதுரையில் அடுக்குமாடி வீடு. தெருவில் ஒரு வேப்பமரம், பால்கனியில் நாலு தொட்டி, அவ்வளவுதான். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

ஒரு வேப்பமரமும் நாலு தொட்டியும் தாராளமாகப் போதும். முதலில் அந்த நான்கு பிரிவை எடுத்துவிடுங்கள். அக்டோபரில் இலையுதிர்காலப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மதுரைப் பையன் என்ன எழுதுவான்? வடகிழக்குப் பருவமழை தொடங்கி ஊர் பச்சை பிடிக்கிற நேரம் அது. வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று இரண்டிரண்டு மாதமாகப் பிரித்த நம் பழைய கணக்கு நம் ஊருக்கு எவ்வளவோ மேல். தமிழ் மாதங்கள் சூரியக் கணக்கில் வருவதால் ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே தேதியில்தான் பிறக்கின்றன. தினசரிக் காலண்டரைப் பார்த்து அதையே தலைப்பாகப் போடலாம்.

அப்புறம், வாரத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதைக் கோடு போட்டு ஐந்து கட்டமாக்குங்கள். மேல் கட்டம் இந்த வருடத்துக்கு, மற்ற நாலும் வரப்போகிற வருடங்களுக்கு. நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான். தினமும் புதிதாக ஏதாவது நடக்க வேண்டும் என்று எதிர்பார்த்தால் எந்தப் பிள்ளையும் சலித்துப்போகும். போன வருடம் பங்குனி இரண்டாம் வாரம் வேம்பு பூத்தது, இந்த வருடம் ஏன் இன்னும் பூக்கவில்லை என்ற கேள்வி வந்துவிட்டால் பையனே மரத்தடிக்கு ஓடுவான். அதனால் "பூ இல்லை" என்பதையும் தேதி போட்டு எழுதச் சொல்லுங்கள். முந்தின வாரம் பூ இல்லை என்று எழுதியிருந்தால்தானே இந்த வாரம்தான் பூத்தது என்று சொல்ல முடியும்?

இப்போது பங்குனி. செம்பு நிறத் தளிர் பச்சையாகிவிட்டதா, மொட்டு விட்டிருக்கிறதா, குயில் எத்தனை மணிக்குக் கூவத் தொடங்குகிறது என்று பாருங்கள். ஆனி, ஆடியில் அதே மரம் பழுத்துக் கொட்டும். காகம் தன் கூட்டில் பொரிந்த குயில் குஞ்சுக்கு இரை ஊட்டுவதையும் அந்த மாதங்களில் பார்க்கலாம்.

தொட்டிகளில் ஒன்று கறிவேப்பிலை என்றால் சின்னவருக்கு அதுவே போதும். கொழுந்து இலையில் குண்டூசித் தலை அளவுக்கு வெளிர்மஞ்சள் முட்டை இருக்கும். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி இட்டது. பொரிந்து வரும் புழு முதலில் பறவை எச்சம் மாதிரியே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். ஈர்க்குச்சியால் மெதுவாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக் கொம்பை நீட்டும், நெடி அடிக்கும். தயவுசெய்து மருந்து அடிக்காதீர்கள். இரண்டு கொத்து போனால் போகட்டும்.

எழுத்துப் பிழையைத் திருத்தாதீர்கள். திருத்தினால் அது வீட்டுப்பாடம் ஆகிவிடும். ஞாயிறு காலை பதினைந்து நிமிடம் போதும், ஆனால் நீங்களும் கணவரும் ஆளுக்கு ஒரு வரி எழுத வேண்டும்.

யாருக்குப் பயன் என்று கேட்கிறான், நல்ல கேள்வி. சீசன்வாட்ச் என்ற இந்தியத் திட்டத்தில் மாணவர்களும் பொதுமக்களும் ஒரே மரத்தை வாராவாரம் பார்த்து இலை, பூ, காய் விவரத்தைப் பதிவு செய்கிறார்கள். பருவம் மாறுவதை மரங்கள் வழியாகப் புரிந்துகொள்ள அது உதவுகிறது. உங்கள் தெரு வேம்பையும் அதில் சேர்க்கலாம். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் அடுத்த தை மாதம் பையனை எண்ண விடுங்கள். மொட்டை மாடியிலிருந்தே எண்ணலாம். பட்டியலை இ-பேர்டு தளத்தில் ஏற்ற மட்டும் நீங்கள் கூட இருந்தால் போதும்.