ஜிம்மில் உள்ள பொது ஜக்கூஸியில் (குமிழி கிளம்பும் வெந்நீர்த் தொட்டி) இறங்கலாமா? எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

தாராளமாக இறங்கலாம். ஆனால் குளித்துவிட்டு இறங்க வேண்டும், குளிப்பதற்காக இறங்கக் கூடாது. மற்ற ஒழுங்குகள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான்.

ஓசூரில் தொழிற்சாலைகளின் கூலிங் டவர் (சூட்டைத் தணிக்கும் நீர்க்கோபுரம்) தண்ணீரைப் பராமரிப்பது என் வேலை. வெதுவெதுப்பான தண்ணீர், காற்று, தூசி, குளோரின், கிருமி என்று தினமும் நான் பார்ப்பதெல்லாம் ஜக்கூஸிக்கும் பொருந்தும். எங்கள் ஊர்ப் பக்கம் பெரிய ஜிம்களிலும் அபார்ட்மெண்ட் கிளப்களிலும் இந்தத் தொட்டி வந்துவிட்டது. மார்கழிக் குளிரில் காலை ஆறு மணிக்கே இடம் பிடிக்கிறார்கள். பார்க்க சந்தோஷமாகத்தான் இருக்கிறது, ஆனால் ட்ரெட்மில்லில் ஓடி முடித்த வியர்வையோடு, தலையில் தேங்காய் எண்ணெயோடு நேராக இறங்குவதைப் பார்த்தால் மனது கேட்பதில்லை.

நாம் பழகிய குளியல் ஓடும் தண்ணீரில். ஒகேனக்கல்லில் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்துகொண்டு அருவியில் நின்றால் எல்லாம் காவிரியோடு போய்விடும் (அது ஆற்றுக்கு நல்லதா என்பது வேறு விஷயம்). ஜக்கூஸியில் போவதற்கு இடமே கிடையாது. அதே தண்ணீர்தான் ஃபில்டர் வழியாகச் சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 2,000 லிட்டர் தொட்டியில் நான்கு பேர் உட்கார்ந்தால் ஆளுக்கு 500 லிட்டர். 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழமுள்ள நீச்சல் குளத்தில் 4,50,000 லிட்டர் தண்ணீர் இருக்கும். அங்கே இதே நெருக்கம் வர வேண்டுமென்றால் 900 பேர் இறங்க வேண்டும்.

வியர்வை, எண்ணெய், க்ரீம், முகப் பவுடர், திருநீறு என்று எது தண்ணீரில் கலந்தாலும் குளோரின் முதலில் அதோடு மல்லுக்கட்டித் தீர்ந்துவிடும். கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்காது. ‘நல்லா குளோரின் வாசம் வருது, சுத்தமாத்தான் இருக்கும்’ என்று பலர் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். உண்மை இதற்கு நேர் எதிர். கண் எரியும் அந்த நெடி, குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாகும் குளோரமைனின் நெடி. சரியாகப் பராமரிக்கும் தொட்டியில் மூக்கைத் துளைக்கும் வாசம் வராது. ஷவரில் ஒரு நிமிடம் நன்றாகத் தேய்த்துக் குளித்தாலே உடம்பில் இருப்பதில் பெரும்பகுதி போய்விடும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. இங்கே பல இடங்களில் போர் தண்ணீர் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. ஜெட் (தண்ணீரையும் காற்றையும் பீய்ச்சும் குழாய்) போட்டுக் குமிழி கிளம்பும்போது தண்ணீரில் கரைந்திருக்கும் கரியமில வாயு வெளியேறி பி.எச். (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் அளவு) ஏறும். பி.எச். 7.5-ல் குளோரினில் ஏறக்குறைய பாதி வீரியமான வடிவில் இருக்கும். 8-ஐத் தொட்டால் அது கால்வாசிக்கும் கீழே போகும். அதாவது எவ்வளவு குளோரின் போட்டாலும் பி.எச்.சைப் பார்க்காவிட்டால் காசுக்குக் கேடு. ஓரங்களில் வெள்ளையாகப் படியும் உப்பும் கிருமிக்கு நல்ல ஒளிவிடம். ஃப்ளோரைடு பற்றியும் கேட்பார்கள். அது குடித்தால்தான் பிரச்சினை, உட்கார்ந்து எழுவதால் ஒன்றும் ஆகாது.

‘சூட்டுல கிருமி செத்துடும்’ என்பதையும் நம்ப வேண்டாம். தொட்டியின் சூடு அதிகபட்சம் 40 டிகிரி செல்சியஸ். லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா நன்றாகப் பெருகுவது 25 முதல் 45 டிகிரிக்குள். குமிழி வெடிக்கும்போது எழும் நுண்ணிய சாரலோடு அது நுரையீரலுக்குள் போனால் கடுமையான நிமோனியா வரும். 1999-ல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், பார்வைக்கு வைத்த வெந்நீர்த் தொட்டியிலிருந்து இது பரவி 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்கள் யாரும் தொட்டிக்குள் இறங்கவில்லை, அந்தப் பக்கமாக நடந்து போனவர்கள். பக்கத்தில் டம்பெல் தூக்குபவரும் இதே காற்றைத்தான் மூச்சிழுக்கிறார் என்பதால்தான் இதை விரிவாகச் சொல்கிறேன்.

அதைவிட அடிக்கடி வருவது தோலில் தடிப்பு. சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா மயிர்க்கால்களுக்குள் புகுந்து சிவந்த, அரிக்கும் கொப்புளங்களை உண்டாக்கும். நனைந்த உடையோடு அப்படியே இருந்தால், உடை மூடிய இடத்தில் இன்னும் அதிகமாக வரும். அதனால் வெளியே வந்ததும் உடையைக் கழற்றிவிட்டு சோப்புப் போட்டுக் குளியுங்கள். ஷேவ் அல்லது வேக்ஸ் செய்த அன்று இறங்க வேண்டாம். புண் இருந்தால், வயிற்றுப்போக்கு இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

சரி, இனி மற்றவர்களோடு இருக்கும் ஒழுங்கு. உடற்பயிற்சி செய்த உடையோடு இறங்காதீர்கள். துவைத்த நீச்சல் உடை நல்லது. பெண்கள் முழுக்கால் நீச்சல் உடையோ துவைத்த சிந்தெடிக் லெக்கிங்ஸோ போடலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. தொட்டியில் வாய் கொப்பளிப்பது, மூக்குச் சிந்துவது, பாதத்தைத் தேய்ப்பது எல்லாம் வீட்டுக் குளியலறைக்கு உரியவை. தலையை முக்காதீர்கள். ஏற்கெனவே யாராவது இருந்தால் ஜெட் போடும் முன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஒரு பெண் தனியாக உட்கார்ந்திருந்தால் எதிர்ப்பக்கம் தள்ளி உட்காருங்கள், அல்லது அவர் போகும்வரை காத்திருங்கள். போனை லாக்கரிலேயே வைத்துவிடுங்கள். செல்ஃபியில் பின்னால் இருப்பவர் விழுவார், அவர் அதற்குச் சம்மதிக்கவில்லை. 15 நிமிடம் போதும், அடுத்தவருக்கு இடம் விடுங்கள். உடம்புக்கும் அதுதான் நல்லது: பயிற்சி முடித்த கையோடு சூட்டில் வெகுநேரம் இருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்கள், சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகள் வேண்டவே வேண்டாம்.

யாராவது குளிக்காமல் வந்தால் சொல்லலாமா? சொல்லுங்கள். ‘அண்ணா, ஷவர் அந்தப் பக்கம் இருக்குதுங்க, ஒரு நிமிஷம் குளிச்சுட்டு வந்துடுங்க’ என்றால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். தெரியாமல் செய்பவர்கள்தான் அதிகம். நான் போகும் இடத்தில் அறிவிப்புப் பலகை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி என்று எல்லாம் பேசுகிறோம், பலகையும் அப்படித்தானே இருக்க வேண்டும்? அதையும் கேட்டு வாங்குங்கள்.

நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது முக்கியமாக ஒன்று: தண்ணீர் சோதனைப் பதிவேடு. ஃப்ரீ குளோரின் (கிருமியைக் கொல்ல மிச்சம் இருக்கும் குளோரின்) குறைந்தது 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 3 பங்கு), பி.எச். 7.0 முதல் 7.8 வரை இருக்க வேண்டும் என்பது அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி.யின் பரிந்துரை. கூட்டம் உள்ள நாளில் பல முறை சோதித்து எழுதியிருக்க வேண்டும். ஸ்பா பராமரிப்பில் வழக்கமாகப் போடும் கணக்குப்படி, நாளைக்கு 40 பேர் இறங்கும் 2,000 லிட்டர் தொட்டியின் தண்ணீரை ஏறக்குறைய நான்கு நாளைக்கு ஒரு முறை முழுக்க மாற்ற வேண்டும். பதிவேடு இல்லை, ‘தினமும் பிளீச்சிங் பவுடர் போடுறோம் சார்’ என்று மட்டும் பதில் வந்தால் நான் இறங்க மாட்டேன். தண்ணீரில் முக்கி நிறம் பார்க்கும் சோதனை ஸ்ட்ரிப் ஆன்லைனில் கிடைக்கிறது, ஒரு டப்பா வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்ட்ரிப் இல்லாத நாளில் கையால் பாருங்கள். தண்ணீருக்குக் கீழே சுவர் வழுவழுவென்று இருந்தாலோ, ஜெட்டை நிறுத்திய பிறகும் நுரை அடங்காமல் நின்றாலோ திரும்பி வந்துவிடுங்கள்.

அப்புறம், தொட்டியில் இறங்கிய இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் மருத்துவரிடம் ஜக்கூஸியில் இருந்ததைச் சொல்லிவிடுங்கள். லெஜியோனெல்லாவுக்குத் தனிப் பரிசோதனை உண்டு. பென்சிலின் வகை மருந்துகள் அதற்கு வேலை செய்யாது. நீங்கள் சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகமே வரும்.