பக்கம் முழுக்க மஞ்சள் கோடு

அன்புள்ள அம்மா,

போன சனிக்கிழமை நீங்களும் மகளும் வந்து போன பிறகு, சொல்லாமல் விட்டது நிறைய இருக்கிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். பாதி உங்களுக்கு, பாதி அவளுக்கு. படித்துவிட்டு போட்டோ எடுத்து அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். "பேசாம இன்ஜினியரிங்க விட்டுட்டு, அடுத்த வருசம் தமிழ் மீடியத்துல பி.எஸ்சி. சேர்த்துரலாமா மேடம்?" தமிழ் மீடியத்தில் படித்து பிளஸ் டூவில் 600க்கு 562 எடுத்த பிள்ளை, இன்ஜினியரிங் கல்லூரியின் முதல் இன்டர்னல் தேர்வில் இயற்பியலில் 100க்கு 21 வாங்கினால் எந்த அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றும். ராத்திரி ஒரு மணி வரை புத்தகமும் கையுமாக இருக்கிறாள், ஆனால் மண்டையில் ஏறவில்லை என்கிறாள் என்று சொன்னீர்கள். இப்போதைக்கு மாற்ற வேண்டாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, இன்ஜினியரிங்குக்கு 2021இல். அதில் கிடைத்த இடம் அவளுடையது. படிப்புக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டுகிறது. ஒரு இன்டர்னல் மார்க்கைப் பார்த்து விட்டுவிடுகிற இடமில்லை அது.

அன்றைக்கு நீங்கள் வெளியே உட்கார்ந்திருந்தபோது உள்ளே நடந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு தமிழ்க் கட்டுரையைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். தடங்கல் இல்லாமல் வாசித்தாள். என்ன புரிந்தது என்று கேட்டதற்கு அழகாகச் சொன்னாள், எழுதினவர் ஓர் இடத்தில் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவதைக்கூடப் பிடித்துவிட்டாள். ஆக, வாசிப்பில் பிறவிக் கோளாறு எதுவும் இல்லை. (கண் டாக்டரிடம் மட்டும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். பத்து நிமிடம் படித்தாலே தலை வலிக்கிறது என்றாள். அது கண்ணாடி விஷயமாகவும் இருக்கலாம்.)

அப்புறம் அவளுடைய கல்லூரிப் புத்தகத்தைத் திறக்கச் சொன்னேன். பக்கம் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர். கோடு போடாத வரியைத் தேட வேண்டியிருந்தது. வரிகளுக்கு மேலே பொடி எழுத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழ் அர்த்தம், போனில் பார்த்து எழுதியது. எவ்வளவு உழைப்பு! பார்க்கவே எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது. சோம்பேறிப் பிள்ளை செய்கிற வேலையா இது?

ஓம் விதி இருந்த பக்கத்தில் நிறுத்தினேன். இங்கிலீஷ் புத்தகங்களில் அந்த விதி இப்படிப் போகும்: கடத்தி வழியே பாயும் மின்னோட்டம், அதன் முனைகளுக்கு இடையேயான மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்தகவில் இருக்கும் என்று முதலில் சொல்லிவிட்டு, கடைசியில் 'ப்ரொவைடட்' என்று தொடங்கி வெப்பநிலை மாறாமல் இருக்க வேண்டும் என்று முடியும். அந்த 'ப்ரொவைடட்' மேல் உங்கள் மகள் எழுதியிருந்தது: 'வழங்கப்பட்டது'. அகராதிப்படி அது தப்பில்லை. ஆனால் வெப்பநிலையை யார் யாருக்கு வழங்கினார்கள்? அந்த வரியிலேயே இருபது நிமிடம் முட்டிக்கொண்டு, கடைசியில் அப்படியே உருப்போட்டுவிட்டாளாம்.

அங்கே அந்தச் சொல்லுக்கு 'இப்படி இருந்தால் மட்டும்' என்று பொருள் என்றேன். ஒரு நிமிடம் வரியையே பார்த்தாள். "மேடம், இது 'மாறா வெப்பநிலையில்'தானே? இதை ஸ்கூல்லயே படிச்சிட்டேனே!" என்று சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அம்மா, அவளுக்குப் பாடம் தெரியும். அது இங்கிலீஷ் வேஷம் போட்டுக்கொண்டு வரும்போது அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். பெரிய பெரிய கலைச்சொற்கள்தான் தமிழ்வழிப் பிள்ளைகளைக் கஷ்டப்படுத்துகின்றன என்று எல்லோரும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அப்படி இல்லை. 'கெப்பாசிட்டன்ஸ்', 'ரெசிஸ்டன்ஸ்' எல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடும், வகுப்பில் தினமும் காதில் விழுகிறதே. காலை வாருவது சின்னச் சொற்கள். அன்லெஸ், ஆல்தோ, வேர்ஆஸ், ஹென்ஸ், ப்ரொவைடட், ரெஸ்பெக்டிவ்லி. இவை யார் கண்ணிலும் படாது, யாரும் சொல்லியும் தர மாட்டார்கள். ஆனால் வாக்கியத்தின் பொருளைத் திருப்பிப் போடுவது இவைதான். இரண்டு மின்தடைகள் 5 ஓம், 10 ஓம் என்று கொடுத்துவிட்டு 'ரெஸ்பெக்டிவ்லி' என்று போட்டிருந்தால், நம் பாடநூலில் வரும் 'முறையே' அது. முதலாவதுக்கு 5, இரண்டாவதுக்கு 10. இது தெரியாமல் இரண்டையும் மாற்றிப் போட்டு ஒரு கணக்கையே கோட்டைவிட்டிருக்கிறாள். இப்படி முப்பது நாற்பது சொற்கள் தேறும். ஒரு சின்ன நோட்டில் அவற்றை மட்டும் எழுதச் சொல்லியிருக்கிறேன். அகராதி அர்த்தமாக எழுதக் கூடாது. புத்தகத்தில் எந்த வரியில் வந்ததோ அந்த வரியோடு எழுத வேண்டும்.

இன்னொன்று, இரண்டு மொழியும் வாக்கியத்தைக் கட்டுகிற விதம். "நேத்து கடையில வாங்குன பேனா" என்போம் நாம். எந்தப் பேனா என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் பேனாவுக்கு வருவோம். இங்கிலீஷில் பேனா முதலில் வந்துவிடும், எந்தப் பேனா என்பது 'விச்' போட்டுப் பின்னால் வால் மாதிரி நீளும். நிபந்தனையும் அப்படித்தான். 'மாறா வெப்பநிலையில்' என்று நாம் தலையில் வைப்பதை அவர்கள் வாலில் வைக்கலாம். நமக்கு வினைச்சொல் கடைசியில் வரும். அந்தப் பழக்கத்தில் அவள் கடைசிச் சொல் வரைக்கும் காத்திருக்கிறாள், அங்கே ஒன்றும் கிடைக்காமல் மறுபடி முதல் சொல்லுக்குப் போகிறாள். அதனால் நீளமான வாக்கியம் வந்தால் முதலில் வினைச்சொல்லைத் தேடி வட்டம் போடு, அதைச் செய்வது எது என்று பார், வாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். நான்கு வாக்கியம் என்னோடு செய்தாள். ஐந்தாவதைத் தானே பிரித்துவிட்டாள்.

இதற்குப் பழகிக்கொள்ளக் காசு செலவாகாத வழி ஒன்று உண்டு. நம் மாநிலப் பாடநூல் கழகம் பிளஸ் ஒன், பிளஸ் டூ இயற்பியல் புத்தகத்தைத் தமிழிலும் இங்கிலீஷிலும் போட்டிருக்கிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பாடம் ஒன்று, படம் ஒன்று, மொழி மட்டும்தான் வேறு. அவள் மனப்பாடமாக அறிந்த ஒரு பாடத்தை எடுத்து, தமிழில் ஒரு பத்தி, அதே பத்தி இங்கிலீஷில் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். தினம் அரை மணி நேரம், ஒரு மாதம். பொருள் ஏற்கெனவே தெரியும் என்பதால் கவனம் முழுக்க மொழிக்குப் போகும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு இந்த வேலையைச் செய்யாது. பேசுவது ஒரு திறமை, பாடநூலை வாசிப்பது வேறொரு திறமை.

சரி, மஞ்சள் கோட்டுக்கு வருகிறேன். பள்ளியில் அவள் படித்த முறை உங்களுக்கே தெரியும். பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகள், கைடு, பத்துத் தடவை வாசித்து ஒப்பிப்பது. அதில் 562 வந்தது, அதைக் குறைசொல்ல நான் யார்? ஆனால் கல்லூரிப் பரீட்சை வேறு மாதிரி. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுத்தாளில் இரண்டு மார்க் கேள்வி பத்து, பதின்மூன்று மார்க் கேள்வி ஐந்து, அப்புறம் பதினைந்து மார்க் கேள்வி ஒன்று. ஐந்து யூனிட்டையும் வரிக்கு வரி ஒப்பிக்க மனித மூளையால் ஆகாது. அந்தப் பதினைந்து மார்க் கேள்வி பெரும்பாலும் படித்ததைப் புதிதாக ஓர் இடத்தில் பொருத்திப் பார்க்கச் சொல்லும். அங்கே உருப்போட்டது உதவாது.

திரும்பத் திரும்ப வாசித்தால் ஏறும் என்பது நம் எல்லோருக்கும் இருக்கிற நம்பிக்கை. அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்து 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பத்தியை ஒரு கூட்டம் மாணவர்கள் மறுபடி மறுபடி வாசித்தார்கள். இன்னொரு கூட்டம் வாசித்ததை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தேர்வு வைத்தபோது, திரும்ப வாசித்தவர்கள்தான் மேல். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். உங்கள் மகள் "ராத்திரி எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, பரீட்சை ஹால்ல ஒண்ணும் வரல" என்று அழுதாளே, காரணம் இதுதான். அந்த ஐந்து நிமிடத் தெளிவை அவள் படிப்பு என்று நம்பிவிட்டாள்.

அதனால் ஹைலைட்டரை ஒரு மாதத்துக்குப் பூட்டி வைக்கச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது, பாவம். அதற்குப் பதிலாக ஒரு பக்கம் வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு வெள்ளைத்தாளில் நினைவில் இருப்பதைத் தமிழிலேயே எழுதட்டும். கலைச்சொல் மட்டும் இங்கிலீஷில் இருக்கட்டும். அப்புறம் திறந்து பார்த்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாள் பார்க்க வேண்டியது அந்தச் சிவப்பை மட்டும்தான். முதல் வாரம் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து மறுபடி மஞ்சளுக்கு ஓடிவிடுவாளோ என்பதுதான் என் கவலை.

பாடத்தைத் திறந்த உடனே முதல் வரியிலிருந்து இறங்கவும் கூடாது. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்சிஸ் ராபின்சன் 1946இலேயே இதற்கு ஒரு முறையை எழுதிவைத்தார். முதலில் மேலோட்டமாகப் பார், கேள்வி கேட்டுக்கொள், வாசி, மூடிவிட்டுச் சொல்லிப் பார், திரும்பப் பார். ஐந்து படியையும் சடங்கு மாதிரி செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். முதல் இரண்டை மட்டும் விடாதே என்பேன். பத்து நிமிடம் தலைப்புகள், படங்கள், கடைசியில் இருக்கும் கேள்விகள். பழைய கேள்வித்தாளில் அந்த யூனிட்டில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்பதையும் ஒரு பார்வை. சந்தைக்குப் போகும்போது என்ன வாங்கப் போகிறோம் என்று தெரிந்துதானே போகிறோம்.

கணக்குப் புத்தகத்தை மட்டும் இப்படி வாசிக்க முடியாது. அதற்குப் பேனாதான். ஒவ்வொரு வரியையும் தானே போட்டுப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகக் கூடாது.

ஏதோ ஸ்பீடு ரீடிங் கோர்ஸில் சேர்க்கலாம் என்று உங்கள் தம்பி சொன்னதாகச் சொன்னீர்கள். வேண்டாம். வேகம் கூடினால் புரிதல் குறையும் என்பதுதான் இதுவரை நடந்த ஆராய்ச்சிகளில் தெரிவது. அவளுக்கு இப்போது வேகம் தேவையும் இல்லை. ஒரு மணி நேரத்தில் நான்கு பக்கம் போனால் போதும், அந்த நான்கும் அவளுடையதாக இருக்க வேண்டும். அந்தக் காசில் கண் டாக்டரைப் பாருங்கள்.

ஹாஸ்டல் அறையில் நான்கு பேர், சத்தம் என்றாள். ஞாயிற்றுக்கிழமை மதுரை புதுநத்தம் சாலையில் இருக்கிற கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகச் சொல்லுங்கள். நல்ல இடம், ஏசி வேறு. போனை பைக்குள் போட்டுவிட வேண்டும். பக்கத்தில் வைத்தாலே கை போய்விடும், எனக்கே போகிறது.

இனி உங்கள் பங்கு. "நான் எட்டாவதுதான் படிச்சேன், அவளுக்கு நான் என்ன சொல்லித் தர முடியும்" என்றீர்கள். சொல்லித்தர வேண்டாம், கேளுங்கள். தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு அவளோடு போனில் பேசுகிறீர்கள். "சாப்பிட்டியா, படிச்சியா" என்று கேட்பீர்கள், "ம்" என்பாள், முடிந்துவிடும். அதை மாற்றுங்கள். "இன்னைக்கு என்ன படிச்ச, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். ஐந்து நிமிடம் போதும். உங்களுக்குப் புரியவில்லை என்றால் கூச்சப்படாமல் "புரியலடி, இன்னொரு தரம் சொல்லு" என்று சொல்லுங்கள். இன்ஜினியரிங் தெரிந்த ஒருவரிடம் சொல்லும்போது அவள் பாதியை விழுங்கிவிடலாம், அவரே நிரப்பிக்கொள்வார். உங்களிடம் அது நடக்காது. இந்த வேலைக்கு அந்த எட்டாவது வகுப்பு சௌகரியம்தான்.

மார்க்கைப் பற்றி அடுத்த இன்டர்னல் வரை கேட்காதீர்கள். அது ஒருவேளை 35க்குத்தான் ஏறியிருக்கும். அப்போதும் திட்ட வேண்டாம், விடைத்தாளோடு என்னிடம் அனுப்புங்கள். ஒரு பாடத்தில் அரியர் விழுந்தாலும் அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம். மூன்றாவது செமஸ்டர் வரைக்கும் இப்படி முயன்ற பிறகும் இந்தப் பாடமே பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால், அன்றைக்கு பி.எஸ்சி. பற்றிப் பேசுவோம்.

இன்று ராத்திரி போன் செய்யும்போது, விளக்கு எரிய எரியச் சூடானால் ஓம் விதி என்னாகும் என்று கேட்டுப் பாருங்கள். அந்த 'ப்ரொவைடட்' அவளுக்கு ஞாபகம் இருந்தால், பதில் சொல்லிவிடுவாள்.