மாலை ஆறு மணி அழுகை

கேள்வி: என் மகனுக்கு ஆறு வாரம். பகலெல்லாம் சமர்த்தாக இருப்பவன், மாலை ஆறு மணியானால் முகம் சிவக்க வீறிட்டு அழுகிறான். ஒன்பது மணி வரை ஓய்வதில்லை. தாய்ப்பால் மட்டும்தான். எடை நன்றாக ஏறுகிறது. வசம்பு உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார் மாமியார். பக்கத்து வீட்டு அக்கா கிரைப் வாட்டர் என்கிறார். எதைக் கொடுக்கலாம்?

பதில்: இரண்டும் வேண்டாம். ஆனால் வாய்க்குள் போகாமல் செய்யக்கூடிய வைத்தியம் நிறைய இருக்கிறது. அதில் பாதி உங்கள் மாமியாருக்கே தெரிந்திருக்கும்.

இது கோலிக் போலத்தான் தெரிகிறது. ஆரோக்கியமான குழந்தை ஒரு நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் அழுதால் கோலிக் என்று 1954-இல் அமெரிக்க மருத்துவர் வெஸல் வகுத்த கணக்கை இன்றும் சொல்கிறோம். இரண்டு, மூன்று வாரத்தில் தொடங்கும். ஆறாவது வாரத்தில் உச்சம். மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். காற்று சேர்ந்ததால் அழுகிறதா, அழுதழுது காற்றை விழுங்குகிறதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. உச்சத்தில் கொடுக்கிற எந்த மருந்துக்கும் அடுத்த மாதம் நல்ல பெயர் கிடைத்துவிடுவதன் ரகசியம், அழுகை இப்படித் தானே அடங்குவதுதான்.

வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். ஆனால் அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற வேதிப்பொருள் விலங்குகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால், அமெரிக்காவில் 1968-இல் உணவில் சேர்க்கத் தடை விதித்தார்கள். தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் உருவாக்கியது. பழைய கலவையில் ஆல்கஹாலும் சர்க்கரையும் இருந்தன. குழந்தை ஏன் அடங்கியது என்று கேட்கவா வேண்டும்! இப்போது ஆல்கஹால் இல்லை, பலன் தருவதற்கான ஆதாரமும் இல்லை. ஓம வாட்டரும் அப்படியே. தேனை மட்டும் ஒரு வயது வரை நாக்கில் தடவக்கூட வேண்டாம். நரம்புகளை முடக்கும் பாட்டுலிசம் வரலாம்.

இனி செய்ய வேண்டியவை. அழத் தொடங்கும்வரை காத்திருக்காமல், ஐந்தரை மணிக்கே விளக்கைக் குறைத்து, தொலைக்காட்சியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்னும் தோளில் சாய்த்து ஏப்பம் விட வையுங்கள். அழும்போது குழந்தையை உங்கள் முன்கையில் குப்புறக் கிடத்துங்கள்: கன்னம் முழங்கை மடிப்பில், வயிறு கையின் மேல், கை கால்கள் இருபுறமும் தொங்க, உங்கள் உள்ளங்கை அவன் தொடைகளுக்கு நடுவே. மரக்கிளையில் தூங்கும் புலிக்குட்டி மாதிரி இருக்கும். மற்றக் கையால் முதுகைத் தாங்கி, 'ஷ்ஷ்' என்று அவன் காதருகே நீளமாகச் சொல்லிக்கொண்டே மெல்ல நடங்கள். பல குழந்தைகள் இந்தப் பிடியில் அடங்கிவிடும்.

வெதுவெதுப்பான குளியலும் நல்லது. தேங்காய் எண்ணெய் தொட்டு, தொப்புளைச் சுற்றி, கடிகார முள் போகும் திசையில் மெதுவாகத் தடவலாம். விளக்கெண்ணெய் தடவி வாட்டிய வெற்றிலையை வயிற்றில் போடுவதானால், முதலில் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துச் சூடு பாருங்கள். தூளி ஆட்டுவதிலும் தவறில்லை. ஆட்டும்போது கூடவே இருங்கள், கண் அசந்ததும் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தூளியிலேயே விட்டால் முகவாய் மார்பில் மடிந்து மூச்சு தடைப்படலாம். 'உரம் விழுந்துவிட்டது' என்று புடவையில் போட்டு உருட்டுவதற்கு மட்டும் யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள்.

ஒருமுறை கால் விரல்களையும் பாருங்கள். உங்கள் உதிர்ந்த தலைமுடி ஒன்று விரலில் சுற்றி இறுகியிருந்தாலும் குழந்தை இப்படித்தான் கதறும். விரல் வீங்கிச் சிவந்திருக்கும்.

100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொடும் காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மலத்தில் ரத்தம், உப்பிய உச்சிக்குழி, பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று இருந்தாலும் அது கோலிக் அல்ல. இரவானாலும் மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்.

பொறுமை எல்லை தாண்டும் மாலையும் வரும். அப்போது குழந்தையை ஒருபோதும் குலுக்காதீர்கள். மூளையில் ரத்தம் கசியும். பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டுப் பத்து நிமிடம் வெளியே நில்லுங்கள், அழட்டும். வீட்டில் மாமியார் இருக்கிறாரே, ஆறிலிருந்து ஏழு வரை அவர் தோளில் போட்டுவிட்டு நீங்கள் சாப்பிடுங்கள்.