தியானத்துக்கு ஆசிரியர் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 41. மூன்று மாதங்களாகக் கைப்பேசிச் செயலி ஒன்றைக் கேட்டபடி தினமும் 20 நிமிடம் தியானம் செய்கிறேன். மூச்சைக் கவனிக்க உட்கார்ந்தவுடன் மூச்சு முட்டுகிறது, நெற்றி கனக்கிறது. தூக்கத்துக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன். குரு, தீட்சை இவற்றில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆசிரியர் இல்லாமல் இதைக் கற்க முடியாதா? குடும்பமும் வேலையும் உள்ளவனுக்கு இதனால் அன்றாடப் பயன் உண்டா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

நீங்கள் சொல்லும் நெற்றிக் கனத்தை நான் நன்றாக அறிவேன். விபஸ்ஸனா என்ற பௌத்தத் தியான முறையைக் கற்பிக்கும் 10 நாள் முகாமில் முதன்முதலாக உட்கார்ந்தபோது, இரண்டாம் நாளே எனக்கும் அது வந்துவிட்டது. மதிய உணவுக்குப் பின் ஆசிரியரைத் தனியாகச் சந்தித்துச் சந்தேகம் கேட்க அங்கே நேரம் உண்டு. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர், "மூச்சைக் கவனிக்கிறீர்களா, இழுக்கிறீர்களா?" என்றார். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. கவனிப்பதாக எண்ணிக்கொண்டே, மூச்சு தெளிவாகத் தெரியவேண்டும் என்பதற்காக அதை ஆழமாக்கிக்கொண்டும், மூடிய கண்களால் மூக்கு நுனியை உற்றுநோக்க முயன்றுகொண்டும் இருந்திருக்கிறேன். தானாக வருகிற மூச்சை அது வருகிறபடியே விட்டுவிடச் சொன்னார். தெரியவே இல்லையென்றால் இரண்டு மூன்று முறை சற்று வலுவாக மூச்சுவிட்டு, மறுபடி இயல்புக்குத் திரும்பச் சொன்னார். பேச்சு ஐந்து நிமிடம்கூட நீளவில்லை. மறுநாள் கனம் குறையத் தொடங்கியது.

ஆசிரியர் எதற்கு என்ற கேள்விக்கு நான் அறிந்த பதில் இந்த ஐந்து நிமிடம்தான். நான் சென்ற, எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியரின் மரபில் நடக்கும் முகாம்களிலும் பயிற்சிக் குறிப்புகள் ஒலிப்பதிவாகவே தரப்படுகின்றன; அந்த வகையில் உங்கள் செயலிக்கும் அவற்றுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் அங்கே, குறிப்பைக் கேட்டு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று விசாரிக்க, பல்லாண்டுகள் இதையே செய்துவந்த ஒருவர் எதிரில் அமர்ந்திருக்கிறார். சுருதி விலகுவது பாடுகிறவருக்குத் தெரியாதது போலவே, மூச்சை இழுப்பதும் இழுப்பவருக்குத் தெரிவதில்லை.

குரு என்ற சொல் உங்களை விலக்குகிறது என்றால், இந்த மரபில் கற்பித்தவர்கள் யார் என்று பாருங்கள். கோயங்காவுக்குக் கற்பித்த பர்மியரான சயாஜி ஊ பா கின் உங்கள் தொழிலைச் சேர்ந்தவர். 1937இல் தியானம் கற்கத் தொடங்கிய அவர், 1948இல் விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயரானார். இல்லறத்தில் இருந்தபடியே 1952இல் ரங்கூனில் ஒரு தியான மையத்தை நிறுவி, அரசுப் பணியோடு சேர்த்தே கற்பித்தார். அவருக்குக் கற்பித்த சயா தெட்ஜி ஒரு விவசாயி. கடும் ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலையில் இருந்த வணிகரான எஸ்.என். கோயங்கா 1955இல் ஊ பா கின்னிடம் வந்தார். தலைவலி தீர்வதற்காக மட்டும் வருவதானால் வரவேண்டாம் என்று ஊ பா கின் முதலில் மறுத்துவிட்டார். மனத்தைத் தூய்மை செய்வதற்காக வந்தால், தலைவலி அதன் போக்கில் நீங்கக்கூடும் என்பது அவர் நிலை. நீங்கள் பயனைக் கேட்டதால் இதைச் சொல்கிறேன்.

பயன் உண்டு, ஆனால் அது சிறிய இடத்தில் இருக்கிறது. என் தாயார் நினைவு தப்பிய நிலையில் ஒரே கேள்வியை நாளெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மாதங்களில், கடுஞ்சொல் வாயில் வருவதற்கு முன்பே வயிற்றில் ஓர் இறுக்கமும் முகத்தில் ஒரு சூடும் எழுவதை அறிந்தேன். அறிந்த வேளைகளில் பெரும்பாலும் அந்தச் சொல் வரவில்லை. அறியாமல் போன வேளைகளும் இருந்தன, அவற்றுக்காக இன்றும் வருந்துகிறேன். முகாமில் அதிகாலை 4 மணிக்கு எழுந்து, பேசாமல், நாளுக்குப் பத்து மணி நேரம் அமர்ந்து, முதல் மூன்றரை நாள் மூச்சையும் பிறகு உடலின் உணர்வுகளையும் கவனிப்பது, இந்த இறுக்கத்தையும் சூட்டையும் அவை எழும்போதே அறிவதற்காகத்தான். வீடு திரும்பியபின் காலையும் மாலையும் தலா ஒரு மணி நேரம் அமரச் சொல்வார்கள். மாலை அமர்வு எனக்குப் பல ஆண்டுகள் கைகூடவில்லை. காலை அமர்வை விடாமல் காத்ததே என்னைத் தாங்கியது.

சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்தில் உள்ள தம்ம சேது என்ற தியான மையத்தில் இந்த முகாம்கள் நடக்கின்றன. கட்டணம் இல்லை, ஒரு முகாமை முடித்தவர்களிடம் மட்டுமே நன்கொடை பெறுகிறார்கள். விண்ணப்பத்தில் உங்கள் உடல்நலம், மனநலம், மருந்துகள் பற்றிக் கேட்பார்கள். தூக்க மாத்திரையை மறைக்காமல் குறிப்பிடுங்கள். முகாமுக்காக அதை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்; எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் முதலில் பேசுங்கள். அதுவரை 20 நிமிடத்தைப் பத்தாகக் குறைத்துக்கொண்டு, மூச்சு தானாக வந்துபோவதை மட்டும் அறிந்திருங்கள். நெற்றி கனத்தால் அன்றைக்கு எழுந்துவிடுங்கள்.