ஒரு பக்கக் கொள்கையில் என்ன எழுதுவது?

கேள்வி: நெசவாளர் வீட்டுப் பெண் நான். ஜவுளி வடிவமைப்பு படித்துவிட்டு, சேலைகளுக்கு டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். இப்போது கல்லூரி வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். 'கற்பித்தல் கொள்கை, வடிவமைப்புக் கொள்கை இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதுக' என்கிறார்கள். 'மாணவர்களின் படைப்பாற்றலைத் தூண்டுவதே என் நோக்கம்' என்று ஆரம்பித்தேன். மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது. இன்னொன்று: என்னிடம் வேலை பழகும் பெண் 260 இழை அகலத்துக்கு ஓர் அன்னம் வரைந்தாள். தறியில் இருப்பது 240 கொக்கி ஜக்கார்டு (இழைகளைத் தூக்கி உருவம் நெய்யும் கருவி); 240 இழைக்கு மேல் உருவம் போகாது. நானே கம்ப்யூட்டரில் குறுக்கிக் கொடுத்துவிட்டேன். சரிதானே?
- பெயர் வேண்டாம், அம்மாபேட்டை, சேலம்

பதில்: முதல் வரியை அடித்துவிடுங்கள். தூண்ட மாட்டேன் என்று எந்த ஆசிரியராவது எழுதுவாரா? மறுக்க ஆளே இல்லாத வரியை எப்படிக் கொள்கை என்பது?

அன்னம் விஷயம் சரியில்லை. கிராப் தாளில் அவளே கட்டம் எண்ணி, எந்த இருபது இழையை விடுவது, வாலைக் குறைப்பதா, அலகை மடக்குவதா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்க வேண்டும். அவள் செய்ய வேண்டிய டிசைன் வேலையே அதுதான். அதை நீங்கள் செய்துவிட்டீர்கள். 'தவறு எங்கே என்று காட்டுவேன், திருத்துவது மாணவர் வேலை' என்று எழுதுங்கள். இப்படி நடத்தினால் பாடத்திட்டம் முடியாதே என்று தேர்வுக் குழுவில் ஒருவராவது கேட்பார். கேட்கட்டும். எந்தப் பாடத்தைச் சுருக்குவீர்கள் என்று இப்போதே யோசித்து வையுங்கள்.

வடிவமைப்புக் கொள்கைக்கு வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம். நெசவாளருக்குச் சேலைக்கு இவ்வளவு என்றுதான் கூலி. புட்டா (சேலையில் நெய்யும் சிறு உருவம்) கூடினால் நாள் கூடும். கூலி கூடாவிட்டால் உங்கள் அழகான டிசைனுக்கு அவர் கைக்காசு போகிறது என்று அர்த்தம். இதைப் பெரும்பாலான டிசைனர்கள் பேசுவதே இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-இல் இந்திய அரசுக்குக் கொடுத்த அறிக்கையில் நம் சொம்பைப் பாராட்டினார்கள். (அதைத் தொடர்ந்துதான் 1961-இல் அகமதாபாதில் தேசிய வடிவமைப்புக் கழகம் வந்தது.) அழகு என்று சொல்லி நிறுத்தாமல் கேள்விகளாக அடுக்கினார்கள்: எவ்வளவு பிடிக்கும், இடுப்பிலா தலையிலா எதில் சுமப்பார்கள், நிறைந்தாலும் காலியானாலும் எடை எப்படி நிற்கும், பழசானால் என்ன விலை போகும். அந்தப் பட்டியலோடு உங்கள் வீட்டுக் கேள்வியையும் சேருங்கள்: இதை நெய்கிறவருக்கு ஒரு நாளைக்கு என்ன தேறும்?

அப்புறம், இன்டர்வியூவுக்கு மயில்கழுத்துத் துணி ஒரு துண்டு கொண்டு போங்கள். பாவு (நீள இழை) நீலம், ஊடை (குறுக்கு இழை) பச்சை; மடித்துத் திருப்பி, என்ன நிறம் என்று அவர்களையே கேளுங்கள். பக்கத்து நிறத்தால் ஒரு நிறம் எப்படி மாறித் தெரிகிறது என்பதை ஓவியரும் ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் தம் மாணவர்களை வண்ணத்தாள் வைத்துக் கண்டுபிடிக்க வைத்தார், தியரி பிறகுதான். உங்களுக்குத் தறியே இருக்கிறது.

எழுதி முடித்ததும் வீட்டில் நெய்கிறவர்களிடம் படித்துக் காட்டுங்கள். கூலி பற்றிய வரியை அவர்கள் நிச்சயம் திருத்துவார்கள்.