ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கு ஆங்கிலப் பெயரடைகள்: கேள்வி பதில்

கேள்வி: மாட்ரிட்டில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். 'யுபிக்விட்டஸ்' போன்ற பெரிய சொல் மாணவர்களுக்குச் சட்டென்று புரிகிறது, 'ஷாலோ' புரியவில்லை. ஏன்?

பதில்: 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு பிரெஞ்சு வழியாகவும், பின்னாளில் அறிஞர்களின் எழுத்து வழியாகவும் லத்தீன் சொற்கள் ஆங்கிலத்தில் வந்து குவிந்தன. ஸ்பானிஷ் லத்தீனிலிருந்தே பிறந்த மொழி. எங்கும் இருப்பதைச் சொல்லும் 'யுபிக்விட்டஸ்' அவர்களுக்கு 'உபிகுவோ'. ஆழமில்லாததைச் சொல்லும் 'ஷாலோ'வுக்கு ஜெர்மானிய வேர், பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

கேள்வி: அப்படியானால் ஸ்பானிஷ் சொல்லின் கடைசி எழுத்துகளை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது, இங்கேதான் நல்ல மாணவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். ஸ்பானிஷில் 'ஃபாசில்' என்றால் எளிது. ஆங்கிலத்தில் 'ஃபேசைல்' என்றால் பெரும்பாலும் மேம்போக்கானது. 'உங்கள் விளக்கம் ஃபேசைலாக இருந்தது' என்று ஆசிரியருக்கு நன்றிக் கடிதம் எழுதினால் அவர் மனம் புண்படும். பொருள் ஒன்றாக இருந்தாலும் கனம் மாறலாம். கோழையைச் சொல்லும் 'புசிலானிமே' ஸ்பானிஷில் அவ்வளவு அரிதல்ல; அதன் ஆங்கில வடிவம் 'ப்யூசிலானிமஸ்' பேச்சில் வந்தால் புத்தக வாசனை அடிக்கும். அகராதியில் பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் தோழி கொலம்பியாக்காரர். சலிப்பாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'ஐ ஆம் போரிங்' என்கிறார். எப்படித் திருத்துவது?

பதில்: அவர் மொழியில் பெயரடை ஒன்று, வினை இரண்டு. 'எஸ்தோய் அபுரிதா' என்றால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. 'சோய் அபுரிதா' என்றால் நான் சலிப்பூட்டுகிற ஆள். ஆங்கிலத்தில் வினை ஒன்று, பெயரடை இரண்டு. 'எஸ்தோய்' வருமிடத்தில் 'போர்ட்', 'சோய்' வருமிடத்தில் 'போரிங்' என்று காட்டுங்கள். விதியை விளக்குவதைவிட இது சீக்கிரம் பிடிபடும்.

கேள்வி: உச்சரிப்பு?

பதில்: சொல்லின் தொடக்கத்தில் 'ஸ்ட்' வந்தால் முன்னால் ஓர் 'எ' ஒட்டிக்கொள்ளும்: 'எஸ்ட்ரிக்ட்'. நம்மூர் 'இஸ்கூல்' மாதிரிதான். 'யுபிக்விட்டஸ்' சொல்லும்போது அழுத்தம் 'பிக்' மேல் விழ வேண்டும்.

கேள்வி: மெக்சிகோ மாணவர் ஒருவர் பன்மைப் பெயருக்கு முன்னால் பெயரடைக்கும் 'ஸ்' சேர்க்கிறார்.

பதில்: ஸ்பானிஷில் பெயரடை பாலுக்கும் எண்ணுக்கும் ஏற்ப மாறும், பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் நிற்கும். ஆங்கிலப் பெயரடை, நம் 'நல்ல பையன், நல்ல பெண்கள்' போல, மாறாமல் முன்னால் நிற்கும். அவர் ஊர்த் தெருவில் எங்கும் காணும் டாக்கோ கடைகளை வைத்தே 'யுபிக்விட்டஸ் டாக்கோ ஸ்டால்ஸ்' என்று எழுதச் சொல்லுங்கள். 'ஸ்' கடைக்கு மட்டும்.