பரணுக்கு இடம் பண்ண கூரை டிரஸ் சட்டங்களை வெட்டலாமா?

கூரைக்குள் இடம் சும்மா கிடக்கிறது, டிரஸ்ஸில், அதாவது கூரையைத் தாங்கும் முக்கோண மரக்கோப்பில், குறுக்கே ஓடும் மரச்சட்டங்கள்தான் இடைஞ்சல், இரண்டு மூன்றை வெட்டிவிட்டுப் பலகை அடித்தால் பரணாகிவிடும், பார்த்த தச்சரும் "ஒன்றும் ஆகாது" என்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டாதீர்கள். பதில் அவ்வளவுதான். ஆனால் இதே வேலையைச் செய்துவிட்டு ஒருவர் விற்ற வீட்டை வாங்கியவன் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்லப்போகிறேன்.

நாங்கள் குடிபோனபோது பரண் தயாராக இருந்தது. விற்றவர் அதைத்தான் பெருமையாகக் காட்டினார். கொஞ்ச நாளில் படுக்கையறைக் கதவு நிலையில் உரச ஆரம்பித்தது. சீலிங்கில் பலகைகள் சேரும் இடத்தில் மயிரிழையாக ஒரு விரிசல். "பெயின்ட் அடித்தால் மறைந்துவிடும் மாப்பிள்ளை" என்றார் மச்சான். எனக்கு மனசு கேட்கவில்லை. டார்ச்சோடு ஏறி, முன்னவர் விட்டுப்போன பெட்டிகளை நகர்த்திப் பார்த்தால், அடுத்தடுத்து மூன்று டிரஸ்களில் முகட்டிலிருந்து இறங்கும் சட்டத்தைக் காணோம். மேலே ஆணித்தகடு (மூட்டைப் பிடிக்கும் பல் வைத்த உலோகத் தகடு) கவ்விய ஒரு சாண் துண்டு மட்டும் தொங்குகிறது, ரம்பம் போன தடத்தோடு. கீழ்ச்சட்டத்தின் இரு முனைக்கும் நூல் பிடித்தேன். நடுவில் கட்டைவிரல் அளவு தொய்வு.

வந்து பார்த்த பொறியாளர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். நான் பொறியாளன் இல்லை, கணக்குக் கேட்டு யாரும் சண்டைக்கு வர வேண்டாம். டிரஸ்ஸில் ஒவ்வொரு மரமும் ஒல்லி. பெரும்பாலும் 35 முதல் 40 மில்லிமீட்டர் கனம்தான். முக்கோணமாகக் கோத்திருப்பதால்தான் அது நிற்கிறது. வழக்கமான வீட்டு டிரஸ்ஸில் முகட்டிலிருந்து இறங்கும் சட்டங்கள் கீழ்ச்சட்டத்தைத் தூக்கிப் பிடிக்கின்றன. உள்ளே இருக்கும் மற்ற இரண்டு சட்டங்களும், ஓட்டுக்குக் கீழே சாய்ந்து ஓடும் சாய்வுச்சட்டத்தை நடுவில் தாங்குகின்றன. அந்தத் தாங்கலை எடுத்தால் சாய்வுச்சட்டம் தாண்ட வேண்டிய தூரம் இரண்டு மடங்கு, வளைக்கும் விசை ஏறக்குறைய நான்கு மடங்கு.

பிரேசிங் என்பது வேறு. டிரஸ்ஸுக்கு டிரஸ் ஓடிப் பிணைக்கும் சட்டங்கள் அவை. காற்றில் மொத்த வரிசையும் சீட்டுக்கட்டு மாதிரி ஒரு பக்கமாகச் சாயாமல் பிடிப்பது அவைதான். சில இடங்களில் ஒல்லியான சட்டம் நசுங்கி வளையாமல் நடுவில் பிடித்துக்கொள்ளவும் ஒன்று அடித்திருப்பார்கள். அதைக் கழற்றினால் அந்தச் சட்டம் தாங்கக்கூடிய பாரம் கால் பங்காகிவிடும். ஆய்லர் என்ற கணித மேதை 18-ஆம் நூற்றாண்டிலேயே போட்ட கணக்கு. பிரேசிங்கை இடம் மாற்றி அமைக்கச் சில சமயம் வழி உண்டு. ஆனால் மாற்று என்ன என்று பொறியாளர் வரைந்து கொடுத்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

சரி, தச்சர் ஏன் ஒன்றும் ஆகாது என்கிறார்? வெட்டிய அன்று உண்மையிலேயே ஒன்றும் ஆகாது. பக்கத்து டிரஸ், ஓட்டுச் சட்டம், சீலிங் பலகை எல்லாம் சேர்ந்து பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும். பெரும் புயலோ பனியோ வரும் நாளில்தான் பரீட்சை. அவர் அதற்குள் கூலி வாங்கிப் போயிருப்பார்.

எங்கள் வீட்டில் கீழே முட்டுக் கொடுத்து, ஜாக்கி வைத்து, மரம் முனகும் போதெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தூக்கினார்கள். புதுச்சட்டம் போட்டு, மூட்டுகளில் இரு பக்கமும் பிளைவுட் வைத்துப் பசை போட்டு ஆணி அடித்தார்கள். ஆணித்தகட்டைச் சுத்தியலால் திரும்ப அடித்துவிட முடியாதாம். அந்தப் பற்கள் ஆலையில் அழுத்தி ஏற்றியவை.

இதில் எனக்கு ஆறாத கோபம் வாங்குவதற்கு முன் வீட்டைச் சோதித்தவர் மேல்தான். பரண் வாசலில் தலையை மட்டும் நீட்டிவிட்டு "கூரை நல்ல நிலையில்" என்று எழுதினார். கேட்டால் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டுகிறார், பெட்டிகளால் மறைந்த பகுதி பார்க்கப்படவில்லையாம். பிறகு எதற்குக் காசு? அதற்கும் மேலே, அந்தப் பரணை நாங்களாவது பயன்படுத்தினோமா என்றால் அதுவும் இல்லை. பாதி சொந்தக்காரர்கள் சாமான். மச்சானின் உடற்பயிற்சி சைக்கிள், "ரெண்டு மாசம்தான்" என்று வந்தது, இன்னும் எடுத்துப்போகவில்லை.

பரண் அறையோடு வரும் டிரஸ் இருக்கிறதே என்று சிலர் வருவார்கள். இருக்கிறது. அது கீழ்ச்சட்டம் தடிமனாக, முதலிலேயே அந்தக் கணக்கில் செய்தது. சாதாரண டிரஸ்ஸுக்கு பிரிட்டனில் கீழ்ச்சட்டத்தின் மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோதான் கணக்கு. புத்தகப்பெட்டி ஒன்றே கிட்டத்தட்ட அவ்வளவு வரும். ஆக வெட்டாமல் சும்மா பலகை போட்டாலும் பாரத்தைக் கேட்டுக்கொண்டுதான் போட வேண்டும்.

உங்கள் டிரஸ்ஸில் ஆலை முத்திரையோ எண்ணோ அச்சிட்டிருந்தால் போட்டோ எடுத்து வையுங்கள். மூட்டுகளையும் கிட்டப்போய் எடுங்கள். அந்த எண்ணை வைத்து வரைபடம் கிடைத்துவிட்டால் பொறியாளருக்குப் பாதி வேலை மிச்சம், உங்களுக்கும் அந்த அளவுக்குச் செலவு குறையும்.